ஜால்ரா மேல என்ன தப்பு மச்சி?

திங்கட்கிழமை முதல் பீரியட். சார் ஒரு ஜோக் சொல்கிறார். போன வருஷம் சீனியர்களுக்குச் சொன்ன அதே ஜோக். மொத்த கிளாஸும் கொட்டாவி விடுகிறது. முதல் பெஞ்சில் மட்டும் ஒரு ஜீவன் டெஸ்க்கைத் தட்டித் தட்டிச் சிரிக்கிறது. உடனே கடைசி பெஞ்சிலிருந்து மெல்லிசாக ஒரு சத்தம் கிளம்பும்... ‘ஜிங்சா! ஜிங்சா!’

அவ்வளவுதான். அடுத்த மூணு வருஷத்துக்கு அந்த ஜீவனுக்கு வீட்டில் வைத்த பெயர் செல்லாது. பெயர் மாற்றம் கெஜட்டில் வராததுதான் பாக்கி. ஜால்ரா!

சென்னையோ, செங்கோட்டையோ... எந்த ஊர் காலேஜிலும் அர்த்தம் சொல்லாமலே புரிகிற வார்த்தை இது. பெரிய ஆள் என்ன சொன்னாலும் ‘ஆமாம் சார், கரெக்ட் சார், சூப்பர் சார்’ என்று கூடவே தட்டுகிற பார்ட்டி. காரியம் ஆகணும், அதுக்காகப் புகழணும். இலக்கணத் தமிழில் முகஸ்துதி. கேன்டீன் தமிழில் ஜால்ரா.

சரி, தினமும் பத்து பேரை இந்தப் பெயர் சொல்லிக் கலாய்க்கிறோமே, அசல் ஜால்ராவைக் கிட்ட போய்ப் பார்த்திருக்கோமா?

கைக்குள்ள அடங்கும் கடவுள் பரிசு

இரண்டு சின்ன உலோகக் கிண்ணங்கள். நடுவில் ஓட்டை, அதில் கோத்த ஒரு கயிறு. ஒன்றோடு ஒன்றைத் தட்டினால் ‘ஜிங்’. அதுதான் ஜால்ரா. ஜாலரா என்றும் சொல்வார்கள். மார்கழி மாசம் விடியற்காலையில் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு தூங்கும்போது, தெருவில் பஜனை கோஷ்டி போகுமே... அந்தச் சத்தம்தான்.

பெயர் ‘ஜ’வில் ஆரம்பிப்பதிலேயே தெரிந்திருக்கும், வார்த்தை வடக்கத்தி வரவு. வடமொழியில் ‘ஜல்லரி’ என்று ஒரு தாளக் கருவி உண்டு. நம்ம தேவாரத்திலும் இசைக்கருவிகளின் பட்டியலில் ‘சல்லரி’ என்று ஒரு பெயர் வருகிறது. தமிழில் இந்த ஜால்ரா வகையறாவுக்குப் பழைய பெயர் தாளம், கைத்தாளம்.

இந்தக் கைத்தாளத்துக்கு ஒரு பெரிய கதை உண்டு. சீர்காழிக்குப் பக்கத்தில் திருக்கோலக்கா. குழந்தை ஞானசம்பந்தர் அந்தக் கோயிலில் கையைத் தட்டித் தட்டிப் பாடினாராம். பிஞ்சுக் கை சிவந்துவிடுமே என்று சிவபெருமான் தங்கத்தில் ஒரு ஜோடித் தாளம் கொடுத்தாராம். தங்கத்தைத் தட்டினால் சத்தம் எங்கே வரும்? அதனால் அம்மன் அதற்கு ஓசையைக் கொடுத்தாளாம். அதனால்தான் அந்த ஊர் அம்மனுக்கு ‘ஓசை கொடுத்த நாயகி’ என்று பெயர். சிவனே கொடுத்த கிஃப்ட்டை வைத்துதான் பாஸ், நாம் ஒருத்தனைத் திட்டிக்கிட்டு இருக்கோம்!

அடுத்த தடவை காலேஜ் கல்ச்சுரல்ஸில் பரதநாட்டியம் நடந்தால், டான்ஸ் ஆடுகிற பெண்ணை மட்டும் பார்க்காதீர்கள். (கஷ்டம்தான்... ட்ரை பண்ணுங்கள்!) மேடையின் ஓரத்தில் உட்கார்ந்து தாளத்தைத் தட்டி ஜதி சொல்கிறாரே, அவரைக் கொஞ்சம் கவனியுங்கள். நட்டுவாங்கம் என்பது அதுதான். ஒரு கையில் வெண்கலம், இன்னொரு கையில் இரும்பு. அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டுதான் சலங்கை நடக்கிறது. ஆடுகிறவர் அவசரப்பட்டால் தாளம் அவசரப்படாது. ‘அம்மணி, நீ முந்திட்ட’ என்று அந்த ‘ஜிங்’ காட்டிக் கொடுத்துவிடும்.

நாதஸ்வரக் கச்சேரியிலும் ஓரமாக ஒருத்தர் தாளம் போட்டுக்கொண்டிருப்பார். தவில்காரர் கணக்கில் எங்கெங்கோ ஊர் சுற்றிவிட்டுத் திரும்பி வரும்போது, வீட்டுக் கதவு இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும் இல்லையா? அந்தக் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவர் அவர்.

ஆக, அசல் ஜால்ராவின் வேலை பாடகருக்கு ஆமாம் போடுவது இல்லை. பாடகர் எங்கே போனாலும் தாளத்தைத் தாளமாக வைத்திருப்பது. அப்படிப்பட்ட நேர்மையான வாத்தியம் எப்படி இந்தக் கெட்ட பெயரை வாங்கியது?

காரணம் சிம்பிள். வெளியே நின்று கேட்கிறவனுக்கு அந்தக் கணக்கு காதில் விழாது. எந்தப் பாட்டு பாடினாலும், யார் பாடினாலும், அதுபாட்டுக்கு ‘ஜிங் ஜிங்’ என்கிறது. சொந்தமாக ஒரு ராகம் கிடையாது. தனியாக மேடை ஏறாது. அடுத்தவர் பாட்டில்தான் பிழைப்பு. போதாதா நம்ம ஆட்களுக்கு?

ஜால்ராவின் சொந்தக்காரர்கள்

ஜால்ரா மட்டும் இல்லை, இந்தக் குடும்பமே பெரிய குடும்பம்.

ஒத்து ஊதுறது: இதுவும் கச்சேரி மேடை கேஸ்தான். ஒத்து என்பது பார்வைக்கு நாதஸ்வரம் மாதிரியே இருக்கும் குழல். ஆனால் ராகம் வாசிக்க முடியாது. கச்சேரி முழுக்க ஒரே சுருதியை விடாமல் ஊதிக்கொண்டே இருக்க வேண்டும். மூச்சை நிறுத்தவே கூடாது. மூக்கால் இழுத்துக்கொண்டே வாயால் விடுகிற வித்தை அது. சுருதிப் பெட்டி வந்த பிறகு ஒத்து அநேகமாக மேடையை விட்டே இறங்கிவிட்டது. திட்டு மட்டும் இறங்கவில்லை.

கூஜா தூக்குறது: மூடி போட்ட, கைப்பிடி வைத்த தண்ணீர்ப் பாத்திரம்தான் கூஜா. பாட்டில் தண்ணி இல்லாத காலத்தில் ரயில் பிரயாணம் என்றால் கூஜா கட்டாயம். பெரிய மனுஷர் முன்னால் கையை வீசிக்கொண்டு நடப்பார். பின்னால் ஒருத்தர் கூஜாவோடு ஓடுவார்.

சொம்பு தூக்குறது: கூஜாவின் கிராமத்து பிரதர். ஆலமரத்தடிப் பஞ்சாயத்து, நாட்டாமை, பக்கத்தில் ஒரு சொம்பு... சினிமாவில் பார்த்துப் பார்த்தே இது நம்ம நாக்கில் ஒட்டிக்கொண்டது.

காக்கா பிடிக்கிறது: பாவம், இதில் காக்காவுக்கு சம்பந்தமே இல்லையாம். பெரிய ஆளின் காலையும் கையையும் பிடித்துக் காரியம் சாதிப்பது ‘கால் கை பிடித்தல்’. வாயில் தேய்ந்து தேய்ந்து அது ‘காக்கா பிடித்தல்’ ஆகிவிட்டது என்பது தமிழ் வாத்தியார்கள் வழக்கமாகச் சொல்லும் விளக்கம்.

ஐஸ் வைக்கிறது, சோப்பு போடுறது: புகழ்ந்தால் உச்சி குளிரும் என்று பாட்டி சொன்னதையே பேரன் ஃப்ரிட்ஜில் வைத்துச் சொன்னால் ஐஸ். வழுக்கிக்கொண்டு காரியம் நடக்கணும் என்றால் சோப்பு.

பந்தம் பிடிக்கிறது: இது இலங்கைத் தமிழர் சரக்கு. ராத்திரி ஊர்வலத்தில் தலைவர் நடுவில் ஜம்மென்று வருவார். அவர் முகம் தெரியட்டும் என்று ஒருத்தன் தீப்பந்தத்தைப் பிடித்துக்கொண்டு கூடவே வியர்த்து வழிந்து நடப்பான். சிங்களத்திலும் முகஸ்துதிக்கு இதே பந்தம்தான்.

பக்கத்து மாநில ஹாஸ்டல் மேட் யாராவது இருந்தால் கேட்டுப் பாருங்கள். மலையாளி ‘மணியடி’ என்பான், அவனும் சோப்பு போடுவான். பெங்களூரு பையன் ‘பக்கெட்’ பிடிக்கிறதாகச் சொல்வான், வெண்ணெய் தடவுவான். தெலுங்குப் பையன் ‘காகா’ பிடிப்பான். வடக்கத்தி நண்பன் ‘சம்ச்சா’ என்பான். டீக்கடை சம்சா என்று நினைத்து வாயைத் திறக்காதீர்கள், அது இந்தியில் கரண்டி!

இங்கிலீஷ்காரனும் தப்பவில்லை. அங்கே இந்த ஆசாமிக்கு ‘டோடி’ என்று ஒரு பெயர். தேரையைத் தின்கிறவன் என்பதிலிருந்து வந்தது. தேரையில் விஷம் என்று நம்பிய காலத்தில், சந்தையில் மருந்து விற்கும் போலி வைத்தியர் தன் உதவியாளனைத் தேரை தின்ன வைப்பாராம், அல்லது தின்கிற மாதிரி நடிக்க வைப்பாராம். அப்புறம் தன் மருந்தைக் கொடுத்து ‘பார், பிழைத்துவிட்டான்!’ என்று வியாபாரத்தை முடிப்பாராம். வித்தது முதலாளி. தேரை தின்றது உதவியாளன். கெட்ட பெயர் யாருக்கு? தின்றவனுக்கு!

கரண்டியைத் திட்டினா போதுமா?

இப்போது இந்த லிஸ்ட்டை இன்னொரு தடவை பாருங்கள். ஜால்ரா, ஒத்து, கூஜா, சொம்பு, பந்தம், கரண்டி... எல்லாமே ஏதோ ஒரு வேலைக்காரர் கையில் இருந்த பொருள். தாளம் போட்டவர், சுருதி ஊதினவர், தண்ணீர் சுமந்தவர், வெளிச்சம் காட்டினவர். வயிற்றுப்பாட்டுக்கு ஒழுங்காக வேலை பார்த்த ஆட்கள். அந்த வேலையின் பெயர்தான் நமக்குத் திட்டு. கூஜாவைத் தூக்கச் சொன்ன மகாராசாவின் பெயரில் ஒரு திட்டாவது இருக்கா? தேடிப் பார்த்தேன், நான் கேள்விப்பட்டதில் ஒன்றுகூட இல்லை.

இதை அரசியலில் நேராகப் பிடித்தவர் கன்ஷிராம். 1932-ல் காந்திக்கும் அம்பேத்கருக்கும் நடுவே பூனா ஒப்பந்தம் ஆனது. தாழ்த்தப்பட்டவர்களுக்குத் தனித் தொகுதி கிடையாது, பொதுவான வாக்காளர்கள் ஓட்டுப் போடும் ரிசர்வ் தொகுதிதான் என்று முடிவானது. அதன் 50-வது வருஷத்தில், 1982-ல், கன்ஷிராம் ஒரு புத்தகம் போட்டார். பெயர் ‘சம்ச்சா யுகம்’. இப்படி ஜெயித்து வருகிறவர்கள் தங்கள் மக்களுக்காகப் பேச முடியாமல், பெரிய கட்சிகளின் கைக் கரண்டியாகிவிடுகிறார்கள் என்பது அவர் வாதம். கரண்டி தானாக அசையாது, ஒரு கை அசைக்கணும். சம்ச்சாவைத் திட்டுகிற புத்தகம் மாதிரி இருக்கும். உள்ளே போனால், அவர் விரல் நீட்டுவது அந்தக் கையையும் பார்த்துத்தான்.

அப்படியானால் ஜால்ரா போடுவது தப்பில்லையா என்று கேட்கக் கூடாது. தப்புதான். அதில் மாட்டுவது முதலில் யார் தெரியுமா? புகழைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிற பெரிய ஆள்.

எமர்ஜென்சிக் காலத்து காங்கிரஸ் தலைவர் தேவ காந்த பரூவா. இந்தியாதான் இந்திரா, இந்திராதான் இந்தியா என்று சொல்லி சரித்திரத்தில் இடம் பிடித்த மனிதர். அன்றைக்குப் பத்திரிகைகளுக்கும் சென்சார். கசப்பான சேதி மேலே போகிற வழியெல்லாம் அடைப்பு. 1977 மார்ச்சில் தேர்தல் வந்தது. காங்கிரஸ் தோற்றது, இந்திரா தன் சொந்தத் தொகுதியான ரேபரேலியிலேயே தோற்றார். அப்புறம் கட்சி உடைந்தபோது பரூவா எந்தப் பக்கம்? இந்திராவுக்கு எதிர்ப்பக்கம்!

வள்ளுவர் இதை எப்பவோ சொல்லிவிட்டார். 448-வது குறளைப் புரட்டிப் பாருங்கள். தப்பு செய்தால் இடித்துச் சொல்ல ஆள் இல்லாத ராஜா, கெடுக்க எதிரியே இல்லாவிட்டாலும் தானாகக் கெட்டுப் போவான் என்கிறார். வடிவேலு இதையே நமக்குப் படமாக ஓட்டிக் காட்டினார். 2006-ல் வந்த ‘இம்சை அரசன் 23-ம் புலிகேசி’யில், பயில்வான் உடம்புக்கு மேல் தன் தலையை வைத்து ஓவியம் வரையச் சொல்வாரே... விழுந்து விழுந்து சிரித்தோம். இப்போது நம்ம டிஸ்ப்ளே பிக்சரில் ஃபில்டர் போடுகிறோம், நண்பர்கள் வந்து வரிசையாக ஹார்ட் விடுகிறார்கள். வித்தியாசம் பெரிசாக இல்லை.

நீங்க ஜால்ராவா? ஒரு குட்டி டெஸ்ட்!

காலேஜில் இன்டர்னல் மார்க் இருக்கிறவரைக்கும் ஜால்ரா இருக்கும். 100-க்கு 25 ஒருத்தர் பேனா முனையில் தொங்கும்போது, அவர் ஜோக்குக்குச் சிரிக்காமல் இருப்பது வீரதீரச் செயல்தான். அதற்காக சாருக்கு வணக்கம் சொல்கிறவன், நல்லா நடத்தினால் ‘நல்லா இருந்துச்சு சார்’ என்கிறவன் எல்லாரையும் அந்த லிஸ்ட்டில் சேர்க்க முடியுமா? எது மரியாதை, எது ஜால்ரா? மூணே கேள்வி.

ஒண்ணு: அவர் முன்னாடி சொன்னதை, அவர் இல்லாத இடத்திலும் சொல்வீர்களா? ஸ்டாஃப் ரூமில் ‘தெய்வம் சார் நீங்க’, கேன்டீனில் ‘சரியான மொக்கைடா அது’ என்றால்... சாரி பாஸ்.

ரெண்டு: ஆள் மாறினால் தாளம் மாறுதா? போன செமஸ்டர் ஹெச்.ஓ.டி. சொன்னதுக்கும் ஆமாம், இந்த செமஸ்டர் புது ஹெச்.ஓ.டி. அதுக்கு நேர் எதிராகச் சொன்னதுக்கும் ஆமாம் என்றால், சந்தேகமே இல்லை.

மூணு: தப்பு என்று தெரிந்தபோது ஒரே ஒரு தடவையாவது, மெதுவாகவாவது, தனியாகவாவது சொல்லியிருக்கீர்களா?

மூணாவதுதான் முக்கியம். அசல் ஜால்ரா செய்கிற வேலையே அதுதானே! பாட்டு முந்தினால் காட்டிக் கொடுக்கும். நம்ம ஊர் ஜால்ராக்கள் பாட்டு எங்கே போகுதோ அங்கே தாளத்தை நகர்த்திக்கொண்டு ஓடுகிறவர்கள். அந்த வாத்தியத்தின் பெயரை இவர்களுக்குக் கொடுப்பதே ஓவர் மரியாதை.

தட்டு தட்டினது யாரு?

கடைசியாக ஒரு சொந்தக் கதை. பெயர் வேண்டாம். வேண்டுமென்றாலும் பிரயோஜனம் இல்லை. மூணு வருஷமும் அவனை நாங்கள் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது.

பி.எஸ்சி. முதல் வருஷம். எங்கள் செட்டில் ஒருத்தன் தினமும் சாயங்காலம் மேத்ஸ் சார் ரூமுக்குப் போவான். கிளாஸ் முடிந்ததும் எல்லாருடைய நோட்டையும் அடுக்கித் தூக்கிக்கொண்டு சார் பின்னாலேயே நடப்பான். அரை மணி நேரம் கழித்துத்தான் வருவான். போதாதா? ஹாஸ்டல் மெஸ்ஸில் அவன் உள்ளே நுழைந்தால், ஆளுக்கு ரெண்டு எவர்சில்வர் தட்டை எடுத்து ‘ஜிங்சா ஜிங்சா’ என்று தட்டுவோம். மெஸ்ஸே அதிரும். அவனும் சிரித்துக்கொண்டே சாம்பாரை ஊற்றிக்கொள்வான்.

ரெண்டாவது செமஸ்டரில் அவன் ரூமுக்குப் போவதை நிறுத்திவிட்டான். அப்பாடா, திருந்திட்டான் என்று பேசிக்கொண்டோம். அந்த செமஸ்டர் மேத்ஸில் அவனுக்கு அரியர். அடுத்ததிலும் அரியர்.

ஃபைனல் இயர் ஃபேர்வெல் அன்றைக்கு மொட்டை மாடியில் உட்கார்ந்து எல்லாரும் உருகிக்கொண்டிருந்தபோது அவனிடம் கேட்டேன், “ஆமா, சார் ரூம்ல அப்படி என்னதான்டா பண்ணுவ?”

“டவுட் கேட்கத்தான்டா போனேன். நான் பன்னெண்டாவது வரைக்கும் தமிழ் மீடியம். சார் இங்கிலீஷ்ல நடத்துனது ஒண்ணும் புரியல. அவரு தமிழ்ல திரும்ப சொல்லிக் குடுப்பாரு. கிளாஸ்ல எந்திரிச்சுக் கேட்டா நீங்க சிரிப்பீங்க. ரூமுக்குப் போய்க் கேட்டா தட்டு தட்டுனீங்க. நான் எங்கதான்டா போய்க் கேட்கிறது?”

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. சாதாரணமாகச் சொல்லிவிட்டு மிக்சர் பொட்டலத்தைப் பிரித்தான். எனக்குத்தான் இறங்கவில்லை.

மேலே இருக்கிற மூணு கேள்வியை இன்றைக்கு அவனுக்கு வைத்துப் பார்க்கிறேன். சார் இல்லாத இடத்திலும் அவரைப் பற்றி நல்லதாகத்தான் பேசுவான். ஆளுக்கு ஏற்ற மாதிரி தாளம் மாற்றியதே இல்லை. ஒரு தடவை போர்டில் சார் போட்ட கணக்கில் மைனஸ் விட்டுப்போனதைச் சொன்னதும் அவன்தான். மூணிலும் பாஸ்.

எங்களுக்கு வைத்துப் பார்க்கிறேன். தட்டைத் தட்டும் ஐடியா எங்கள் செட் லீடருடையது. டீ வாங்கித் தருவான், பைக்கில் ஏற்றுவான், அவன் சொன்னால் சிரிப்போம். இது தப்புடா என்று எங்களில் ரெண்டு மூணு பேருக்காவது மனசில் தோன்றியிருக்கும். எனக்குத் தோன்றியது. வாயைத் திறக்கவில்லை. அவன் தட்டச் சொன்னான், தட்டினோம்.

அப்போ அந்த மெஸ்ஸில் ஜால்ரா யாரு?

அதனால மக்களே, அடுத்த தடவை யாரையாவது பார்த்து ‘ஜிங்சா’ என்று ஆரம்பிக்கும் முன்னாடி, உங்க கையில் என்ன இருக்கு என்று ஒரு தரம் குனிந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

(இந்தக் கட்டுரை சூப்பர் என்று எடிட்டரிடம் சொல்ல நினைப்பவர்கள், கேள்வி நம்பர் மூணை இன்னொரு முறை படித்துவிட்டு வரவும்!)